டேர், டிஃபை: துணிவதும் மீறுவதும்

கேள்வி: ‘டேர்’, ‘டிஃபை’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘துணிந்து எதிர்த்தல்’ என்றே பொருள் கொண்டிருந்தேன். ‘அவன் சட்டத்தை எதிர்த்தான்’ என்பதற்கு ‘ஹி டேர்ட் த லா’ என்று எழுதியபோது ஆசிரியர் அடித்துத் திருத்திவிட்டார். எங்கே பிழை?

பதில்: ஆசிரியர் திருத்தியது சரியே. டேர் என்பதன் முன்னால் நிற்பது ஆபத்து. டிஃபை என்பதன் முன்னால் நிற்பது அதிகாரம்.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் யாருடைய ஆணையையும் மீறவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஏறத் துணிந்தார்கள். அது டேர். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இடம்விட்டு எழும்படி ஓட்டுநர் சொன்னபோது கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். அசையாமல் உட்கார்ந்திருந்ததே அங்கே டிஃபை. அதற்கு அபாரமான துணிச்சல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டிஃபை என்ற சொல் குறிப்பது அந்தத் துணிச்சலை அன்று, பணிய மறுத்ததை.

நம் இலக்கணமே இதில் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘போகத் துணிந்தான்’ என்கிறோம், ‘ஆணையை மீறினான்’ என்கிறோம். டேர் பெரும்பாலும் ஒரு செயலை அவாவி நிற்கும். டிஃபை ஓர் ஆளையோ ஆணையையோ கேட்கும். ‘உனக்கு என்ன துணிச்சல்!’ என்று அதட்டும்போதும் ஆங்கிலத்தில் வருவது டேர்தான்.

குழப்பம் மிகுவது சவால் விடும் இடத்தில். அங்கே இரண்டு சொற்களுமே ஆளை ஏற்கும். ‘தைரியமிருந்தால் குதி, பார்க்கலாம்’ என்று உசுப்பிவிடுவது டேர். குதிக்க முடியும், பயம்தான் தடை. ‘இதில் ஒரு பிழையாவது கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்’ என்பது டிஃபை. உங்களால் முடியவே முடியாது என்ற உறுதி அதில் தொனிக்கிறது. இந்த நுட்பத்தை அகராதியின் ஒற்றை வரியில் பிடிப்பது கடினம், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

டிஃபை பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. விசுவாசத்தைத் துறத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். கட்டுப்பட வேண்டிய ஒன்று எதிரில் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. உங்கள் வாக்கியத்தில் சட்டம் இருப்பதால் ‘ஹி டிஃபைட் த லா’ என்பதே பொருந்தும். அவன் அஞ்சாமல் அதைச் செய்தான் என்பதும் வெளிப்பட வேண்டுமானால், இரண்டையும் சேர்த்து ‘ஹி டேர்ட் டு டிஃபை த லா’ என்று எழுதுங்கள்.