கரண்ட் போனால் களஞ்சியக் கதவு தானாகத் திறக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறோம். மேல்மாடிக் களஞ்சியத்துக்குக் கைரேகைக் கதவு போட்டு மூன்று வருடமாகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனபோது கதவு பூட்டில்லாமல் கிடந்திருக்கிறது. அதன் பிறகும் கரண்ட் போகும்போதெல்லாம் இதே கதைதான். பொருத்தியவர் முழு சிஸ்டத்தையும் மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

பதில்: வேண்டாம். உங்கள் கதவில் இருப்பது காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரைதான் அது கதவைப் பிடித்திருக்கும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் பூட்டைத் தாங்க வேண்டியது பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கும் பற்றரி. கொழும்பு வெக்கையில், சீலிங்குக்கு மேலே அடைந்து கிடக்கும் பற்றரி இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் உழைப்பது அரிது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

நீங்களே பார்க்கலாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்தப் பெட்டிக்குப் போகும் பிரேக்கரை மட்டும் நிறுத்திவிட்டு, அரை மணித்தியாலம் விடுங்கள். கதவு உடனே விட்டால் பற்றரி செத்துவிட்டது, அல்லது வைக்கவே இல்லை. வெறும் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கதவு பிடித்திருந்தால் மீற்றர் வைத்துப் பாருங்கள். அதற்குள் 11.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பற்றரியை நம்ப முடியாது.

280 கிலோ பிடிப்புள்ள பூட்டு 12 வோல்ற்றில் அரை அம்பியர் அளவில் இழுக்கும். கைரேகைக் கருவியையும் சேர்த்தால் முக்கால் அம்பியர். வழக்கமாக வைக்கும் 7 அம்பியர் மணிப் பற்றரி புதிதாக இருந்தாலும் எட்டொன்பது மணித்தியாலம்தான் தாங்கும். இந்தக் கணக்கைக் கொட்டேஷனில் எழுதச் சொன்னால் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? கமராவின் மெகாபிக்சல் கொட்டை எழுத்தில் இருக்கும், பற்றரி என்ற சொல்லே இருக்காது. வாரன்டி அட்டையிலும் அப்படித்தான். வாங்குகிறவரும் கேட்பதில்லை. பெரிய பற்றரி போடுவதென்றால், பழைய சப்ளையால் அதைச் சார்ஜ் பண்ண முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

எவ்வளவு பெரிய பற்றரி போட்டாலும், கடை பூட்டியிருக்கும் இரவையும் ஞாயிறையும் காந்தத்திடம் ஒப்படைக்காதீர்கள். கடைசி ஆள் போகும்போது திறப்புப் போட்டுப் பூட்டும் சாதாரணப் பூட்டு ஒன்றும் வேண்டும். ஒரே ஒரு விலக்கு: காவலாளியோ லோட் இறக்கும் பொடியன்களோ இரவில் உள்ளே தங்கினால், வெளியே ஆமைப்பூட்டுப் போடவே கூடாது. உள்ளிருந்து திறப்பில்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டாக இருக்க வேண்டும். “திறப்பு அவரிடமே இருக்கிறதே” என்பார்கள். புகை மூடிய இருட்டில் அவர் திறப்பைத் தேட முடியாது. “ஒருநாள் இரவுதானே” என்றும் சொல்வார்கள். அதற்கும் இதே விதிதான்.

பற்றரி மாற்ற வருபவரிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் கைரேகைக் கருவி வழியாகவே பூட்டுக்கு மின்சாரம் போகிறதா? போனால், கருவியைக் கழற்றி ஒரு வயரை வெட்டினாலே கதவு திறந்துவிடும். பூட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே களஞ்சியத்துக்கு உள்ளே, தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். வெளிக்கருவி அதற்குச் செய்தி மட்டும் அனுப்ப வேண்டும். விலை குறைத்துக் கேட்டால் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பெட்டிதான்.

கதவில் இருக்கும் இரும்புத் தகட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் வாஷரில் அது கொஞ்சம் ஆட வேண்டும். இறுக்கி முறுக்கியிருந்தால் காந்தத்தில் முழுதாகப் படியாது, பிடிப்பு பெருமளவு குறையும்.

கருவியின் அட்மின் பட்டியலையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொருத்தியவர் தன் விரலையே முதல் அட்மினாகப் பதிந்துவிட்டுப் போவது சாதாரணம். அதையும் வேலையை விட்டுப்போனவர்களின் விரல்களையும் அழித்து, உங்கள் விரலைப் பதிந்து, பாஸ்வேர்டை மாற்றிய பிறகே காசைக் கொடுங்கள்.