டிஷ் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்காவில் சீனா, சீன மொழி கற்றுத்தரும் கன்ஃபூஷியஸ் நிலையம், டிவி என்று பணத்தைக் கொட்டுகிறது. ஆனால் அங்கே சீன சீரியல்களுக்குப் பெரிய மவுசு இருப்பதாகத் தெரியவில்லை. ஹாலிவுட் போன்ற ஈர்ப்பு இல்லாத நாட்டுக்கு, கலாச்சாரத்தால் கவர்ந்து செல்வாக்குத் தேடும் இந்த மென்அதிகாரம் வீண்செலவுதானே?

எம்.

அன்புள்ள எம்.,

சீரியலை வைத்து அளந்தால் வீண்செலவுதான். சுவாஹிலியில் டப் செய்த சீனத் தொடர் 2011இலேயே தான்சானியாவில் ஓடியது, பேசவும்பட்டது. ஆனாலும் கால்பந்துக்கும் நைஜீரியப் படங்களுக்கும் உள்ள இழுப்பு அதற்குக் கிடையாது. ஆப்பிரிக்காவில் கட்டண டிவி நடத்தும் பெய்ஜிங்கின் தனியார் நிறுவனமான ஸ்டார்டைம்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். கால்பந்து ஒளிபரப்பு உரிமைகளை வாங்குகிறது, பாலிவுட்டுக்கென்றே ஒரு சேனல் நடத்துகிறது. (நம் படத்துக்கு அங்கே ஆள் சேர்த்துக் கொடுப்பது சீன டிஷ்!)

நிகழ்ச்சியை விட்டுவிட்டுக் கருவிகளைப் பாருங்கள். 2015 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சீன-ஆப்பிரிக்க மாநாட்டில் ஷி ஜின்பிங் அறிவித்த திட்டம், ஆப்பிரிக்காவின் 10,000 கிராமங்களுக்கு சாட்டிலைட் டிவி. பணம் சீன அரசுடையது, வேலை ஸ்டார்டைம்ஸுடையது. ஒரு கிராமத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது: பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களுக்கு சோலாரில் ஓடும் புரொஜக்டர் இரண்டு, 32 அங்குல டிவி ஒன்று, 20 வீடுகளுக்கு டிஷ், செட்டாப் பாக்ஸ். பராமரிப்புக்கு உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் உண்டு.

கருவி இலவசம், சேனல் எல்லாம் இலவசமில்லை. ரீசார்ஜ் தீர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். கையில் காசு இறுகும் மாதத்தில் முதலில் நிற்பது டிவி சந்தா. சோலார் செட்டில் முதலில் படுப்பது பேட்டரி. புதுசுக்கு யார் பணம் தருவார்கள் என்று திறப்பு விழாவில் யாரும் கேட்பதில்லை. பாக்ஸ் தந்ததற்காக வந்த நல்ல பெயர் இந்த இரண்டில்தான் கரைகிறது.

ஆனால் கிராமத் திட்டம் வெளிமுகம் மட்டுமே. டிவி ஒளிபரப்பு பழைய அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கு மாறச் சர்வதேசக் கெடு 2015 ஜூன் 17. டிரான்ஸ்மிட்டர் வாங்கப் பல அரசுகளிடம் பணமில்லை. ஜாம்பியாவுக்கு சீன அரசு வங்கியான எக்ஸிம் வங்கி சுமார் 27 கோடி டாலர் கடன் தந்தது. ஒப்பந்தப் பணி ஸ்டார்டைம்ஸுக்குப் போனது. கடனை அடைக்க டாப்ஸ்டார் என்று ஒரு கூட்டு நிறுவனம்: ஸ்டார்டைம்ஸுக்கு 60 சதவீதம், அரசு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 40. ஜாம்பிய சேனல்களின் சிக்னலைச் சுமக்கும் கம்பெனியில் பெரும்பங்கு சீனக் கையில்.

கென்யாவில் சிக்னல் விநியோக உரிமம் ஸ்டார்டைம்ஸோடு தொடர்புடைய நிறுவனத்துக்கும் போனதால் உள்ளூர் ஊடக நிறுவனங்கள் மல்லுக்கட்டின. 2015 பிப்ரவரியில் அனலாக் நிறுத்தப்பட்டபோது முன்னணி சேனல்கள் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருண்டு கிடந்தன.

சிக்னலைச் சுமக்கும் இந்த இடத்தைப் பிடித்தவருக்கு சீரியல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். கன்ஃபூஷியஸ் நிலையங்கள் வேறு கணக்கு: அங்கே சேரும் பலருக்கு சீன கம்பெனி வேலைதான் குறி. கம்பெனிகள் ஆளெடுக்கும்வரை வகுப்பு நிறையும்.