கிழிந்த சேலைக்கு டிக்கெட்டா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள், லிங்கன் நகரத்துப் போர்வை அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துப் போகிறாளாம். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்த்திக்கொண்டு வளர்ந்தவள் நான். டிக்கெட் வாங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவசியம் போங்கள் அம்மா. 1997-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தொடங்கியது அது. பூவும் பறவையுமாகத் துண்டு வைத்துத் தைத்த பழைய போர்வை கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். அந்தக் காலத்தில் சீட்டித் துணி, அதாவது பூப்போட்ட பருத்தித் துணி, விலை அதிகம். அதனால் பூக்களை மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஓரத்தை நுண்தையலால் பிடித்தார்கள். சீட்டிக்குப் பேர்போனது நம் சோழமண்டலக் கரை. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். துணியில் படிகாரம் தொட்டு வரைந்த கோட்டில்தான் சிவப்பு ஏறும். 1690-இல் ஆங்கிலேயர் உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியதும் இந்தத் துணி வியாபாரத்தை நம்பித்தான். (புதுச்சேரிக்காரனான நான் கடலூருக்கு இதற்குமேல் விட்டுக்கொடுக்க முடியாது!) பிறகு ஐரோப்பியர் தாங்களே அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள், அது வேறு கதை.

விளக்கு மங்கலாகத்தான் இருக்கும்; வெளிச்சம் பட்டால் பழஞ்சாயம் வெளுத்துவிடும். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். தையலின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தொட்டுவிடாதீர்கள், மகள் மானம் போய்விடும்.