மினுக்கும் கிஃப் படத்தை நிறுத்த

மன்றத்தில் யாரோ தன் பதிவுகளின் அடியில் வரும் கையெழுத்துக்குக் கீழே போட்டிருக்கும் கிஃப் படம் (GIF, அசையும் படம்) விடாமல் மினுக்கி, படிக்கவே முடியாமல் தலை வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், எனக்கும் இதே தொல்லை இருந்தது. 'முடிவில்லாமல் சுற்று' என்ற கட்டளை அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும், காத்திருந்தால் நிற்காது. கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவி இருந்தால் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் (about:config) என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் எச்சரிக்கையைத் தாண்டி, இமேஜ்.அனிமேஷன்_மோட் (image.animation_mode) என்பதைத் தேடி, அதில் இருக்கும் 'நார்மல்' (normal) என்பதை 'ஒன்ஸ்' (once) என்று மாற்றுங்கள். படம் ஒரு தடவை ஓடி நின்றுவிடும். அப்புறம், நொடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடும் படம் சிலருக்கு வலிப்பையே வரவழைக்கலாம். அப்படி இருந்தால் தயங்காமல் மன்ற நிர்வாகியிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.