மைத்துனருக்கு வட்டி இல்லை, மகளுக்கு 14 சதவீதம்!

கேள்வி: என் மகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறாள். தனியார் கல்லூரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்து 6 லட்சம் ரூபாயை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தேன் (7 சதவீத வட்டி). அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததால் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தே ஆண்டுக்கு 1.10 லட்சத்தில் முடிகிறது. முதலாண்டைச் சம்பளத்திலேயே சமாளித்துவிட்டேன். என் மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறார். வைப்புத்தொகையை உடைக்காமல், அதன் மீது 8 சதவீதத்தில் கடன் எடுத்து அவருக்கு இதுவரை 2.40 லட்சம் கொடுத்திருக்கிறேன். இப்போது இன்னும் 1.50 லட்சம் கேட்கிறார். வட்டி வித்தியாசம் ஒரு சதவீதம்தானே என்று கொடுக்க நினைக்கிறேன். மகளுக்கு 85,000 ரூபாயில் கேமரா வாங்க 14 சதவீதத்தில் தனிநபர் கடன் எடுக்கலாமா? அல்லது கல்விக் கடன் வாங்கலாமா? மீதிப் பணத்தைக் காப்பீட்டுடன் சேர்ந்த முதலீட்டுத் திட்டத்தில் போடச் சொல்கிறார் அலுவலக நண்பர். கைக்கு வரும் சம்பளம் 46,000. இரவில் தூக்கம் வருவதில்லை.
– பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: கேமரா, கல்விக் கடன், காப்பீட்டுத் திட்டம் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தையோ கேள்வியாகக் கூடக் கேட்கவில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: “வட்டி வித்தியாசம் ஒரு சதவீதம்தானே.”

வைப்புத்தொகைக்கு வரும் 7 சதவீதம், நீங்கள் கடன் எடுத்தாலும் வரும், எடுக்காவிட்டாலும் வரும். மைத்துனருக்குக் கொடுத்ததால் வந்த வருமானம் அல்ல அது. அவருக்குக் கொடுத்ததால் புதிதாக முளைத்தது 8 சதவீதச் செலவு மட்டுமே. 2.40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 19,200 ரூபாய். நீங்கள் மனத்தில் போட்டுவைத்திருக்கும் கணக்கு 2,400. வைப்புத்தொகை ஆண்டுக்குச் சுமார் 42,000 ரூபாய் ஈட்டுகிறது என்றால் அதில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் கடைக்கே போய்விடுகிறது. வட்டியை அவர் கட்டுவதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நீங்களும் கட்டாமல் விட்டால் மூன்று ஆண்டில் பாக்கி 3 லட்சத்தைத் தொடும். முதிர்வு நாளில் வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் உங்கள் கணக்கில் போடும். வைப்புத்தொகையை உடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் அதுவரைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மைத்துனருக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, மகளுக்கு வேண்டியதை 14 சதவீதத்தில் வெளியே வாங்கப் போகிறீர்கள்.

“அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு, அதனால் பணம் மிச்சம்” என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்வது எனக்குப் புரிகிறது. மைத்துனர் காதிலும் அது விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பணம் மிச்சமானது அல்ல, இன்னும் செலவாகாதது. இதழியலில் படிக்கும்போது செலவு குறைவு. படித்து முடித்த பிறகுதான் அது ஆரம்பிக்கும். பொறியியல் படிப்பைப் போல நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து கொத்துக்கொத்தாக ஆள் எடுக்கும் துறை இல்லை இது. பயிற்சி நிருபராகச் சில மாதங்கள் சம்பளமே இல்லாமலோ பஸ் செலவுக்கு மட்டும் கிடைக்கும் தொகையிலோ ஓட்ட வேண்டியிருக்கும். அதற்குள் விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். சென்னையில் அறை எடுத்தால் முன்பணம். ஆங்கில ஊடகம் பக்கம் போக நினைத்தால் டெல்லியோ நொய்டாவோ போக வேண்டி வரலாம்; அங்கே செலவு இன்னும் கூடும்.

உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். வேலை அமையும் வரை ஆறு மாதம், மாதம் 15,000 வீதம் 90,000. அறை முன்பணமும் சாமான்களும் 40,000. நல்ல மடிக்கணினி ஒன்று 50,000. முதல் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொண்டால் (அதற்குக் கீழேயும் தொடங்குகிறார்கள்) முதல் ஓராண்டுக்கு மாதம் இரண்டாயிரமாவது வீட்டிலிருந்து போக வேண்டும், அது 24,000. ஆக மொத்தம் 2 லட்சம் சொச்சம். உங்களிடம் உண்மையில் இருப்பது 6 லட்சத்தில் 2.40 போக 3.60 லட்சம். இரண்டாமாண்டுச் செலவு 1.10 போனால் 2.50. மகளுக்குத் தேவையான தொகை சரியாக அங்கே நிற்கிறது. மைத்துனருக்கு இன்னும் 1.50 கொடுத்தால் நிற்பது 1 லட்சம்.

அந்த 1 லட்சத்தோடு படித்து முடிப்பவள் எது முதலில் கிடைக்கிறதோ அந்த வேலைக்குப் போவாள். விளம்பர நிறுவனத்துக்கு எழுதிக்கொடுப்பது மோசமான வேலை இல்லை. விருப்பப்பட்டுப் போனால் நல்லதுதான். வாடகைக்குப் பயந்து போவது வேறு. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் நெட் தேர்வையும் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) உருப்படியாக எழுதலாம். முதுகலை இறுதியாண்டிலேயே அதற்கு விண்ணப்பிக்க முடியும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வாகி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய்.

செய்ய வேண்டியது இதுதான். வைப்புத்தொகை முதிர்வுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தால் இப்போதே முடித்து, 2.40 லட்சம் கடனை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் போல வெட்டுவார்கள், போகட்டும். மீதி 3.60 லட்சத்தை மகள் பெயரிலேயே இரண்டு வைப்புத்தொகையாகப் போடுங்கள்: 1.10 லட்சம், இரண்டாமாண்டுக் கட்டணம் கட்டும் மாதத்தில் முதிரும்படி, 2.50 லட்சம், அவள் படித்து முடிக்கும் மாதத்தில் முதிரும்படி. முதுகலை படிக்கிறவள் மேஜர்தான். கணக்கு அவள் கையெழுத்தில் இருக்கட்டும். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. பிள்ளை மேஜர் என்பதால் வட்டியும் உங்கள் வருமானத்தோடு சேராது. ஆனால் நான் இதைச் சொல்வது வரிக்காக இல்லை. அடுத்த முறை மைத்துனர் கேட்டால், அதன் மீது கடன் எடுக்க உங்கள் கையெழுத்து செல்லாது. அக்கா மகளிடம் போய் நின்று, “உன் படிப்புப் பணத்தைக் கொடு” என்று கேட்க எந்த மாமாவுக்கும் வாய் கூசும். உங்கள் மனைவிக்கும் தம்பியிடம் “எங்களிடம் இல்லை” என்று பொய் சொல்லாமலேயே சொல்ல முடியும்.

கொடுத்த 2.40 லட்சத்துக்குக் கடன் பத்திரம் எழுதி வாங்குங்கள். மாதம் 5,000 வீதம் தந்தால் வட்டியில்லாமலே நான்கு ஆண்டில் முடியும். கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. அதற்குள் பகுதித் தொகை கட்டி எழுத்தில் இருந்தாலோ, பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். வழக்குப் போடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. காகிதம் ஒன்று இருந்தால் மாதாமாதம் நினைவு வரும், அதற்குத்தான். தவணையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், கையில் வாங்க வேண்டாம்.

கல்விக் கடன் நல்ல விஷயம், தேவைப்படுகிறவர்களுக்கு. 7.50 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கி கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்பும். உங்கள் மகளின் கட்டணமே சிறியது. இருக்கும் பணத்தை உறவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை அவள் பெயரில் கடன் வாங்கி நிரப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அலுவலக நண்பர் சொல்லும் திட்டம் யூலிப் (காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்தது) வகை என்றால் ஐந்து ஆண்டுக்குப் பணத்தைத் தொட முடியாது. உங்களுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டில் வேண்டும். பிள்ளை முதுகலைக்குப் போன பிறகு அவள் படிப்புக்காகச் சேமிக்கும் திட்டத்தை விற்கிறவருக்கு உங்கள் தேவை தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார். மியூச்சுவல் ஃபண்டின் பங்குத் திட்டங்களும் இந்தப் பணத்துக்கு வேண்டாம், நாள் போதாது.

கேமராவுக்கு வருகிறேன். 85,000 ரூபாயை 14 சதவீதத்தில் இரண்டு ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 4,080 அளவில் வரும்; வட்டி மட்டும் 13,000. மகள் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. துறையில் மாணவர்களுக்குக் கேமரா இரவல் கொடுக்கிறார்களா, அவள் போக நினைப்பது எழுத்துப் பக்கமா படப்பிடிப்புப் பக்கமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். நிருபராக நினைக்கிறவளுக்கு இருக்கும் செல்போனே போதும். சட்டையில் மாட்டும் மைக்கும் ஒரு முக்காலியும் ஐந்தாயிரத்துக்குள் வரும், இந்த மாதச் சம்பளத்திலேயே வாங்கிக் கொடுத்துவிடலாம்.