உமா சக்கரவர்த்தியை எங்கிருந்து தொடங்குவது?

பெண்ணிய வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தியைப் பற்றி சிங்கப்பூரில் உள்ள நம் வாசிப்பு வட்டத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கிளமெண்டி வாசகர்: அக்கா, பெயர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். யார் இவர்?

டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவர். பௌத்தத்தின் தொடக்ககாலச் சமூகத்தைப் பற்றிய ஆய்வு நூல் 1987இல் வந்தது. அப்புறம் சாதி, பெண்கள், விதவைகள் என்று போய், ஓய்வுக்குப் பிறகு ஆவணப்படமும் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

செங்காங் வாசகி: முதலில் எதைப் படிக்கலாம்? வேலைக்குப் போகிற வழியில் எம்ஆர்டி ரயிலில்தான் எனக்கு நேரம் கிடைக்கும்.

அப்படியானால் புத்தகம் வேண்டாம், கட்டுரை படியுங்கள். 1989இல் ஒரு தொகுப்பில் வந்த 'வேத காலத்துத் தாசிக்கு என்ன ஆயிற்று?' என்ற கட்டுரையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். தாசி என்றால் இங்கே அடிமைப் பெண்.

கார்கி, மைத்ரேயி என்று உபநிடதங்களில் வரும் இரண்டு அறிவாளிப் பெண்களின் பெயரைச் சொல்லி, "அந்தக் காலத்தில் பெண்கள் உயர்வாக இருந்தார்கள், பிறகுதான் சரிந்தது" என்று முடித்துவிடுவார்கள் அல்லவா? அந்தப் படம் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது என்று காட்டுகிறார் உமா. உங்கள் பெண்களின் நிலையைப் பாருங்கள் என்று ஆங்கிலேயர் குத்திக்காட்ட, நம் சீர்திருத்தக்காரர்கள் இந்தியாவை ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞர்களின் நூல்களைப் புரட்டி ஒரு பொற்காலத்தைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பொற்காலத்தில் மேல்குலத்து ஆரியப் பெண்ணுக்கு மட்டும்தான் இடம். மாடுகளோடும் பொன்னோடும் சேர்த்துத் தானமாகக் கொடுக்கப்பட்ட தாசிகளும் அதே வேதப் பாடல்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இதைப் படித்த பிறகு "அந்தக் காலத்தில் பெண்கள்..." என்று யார் ஆரம்பித்தாலும் எந்தப் பெண்கள் என்று கேட்கத் தோன்றும். வீட்டு விருந்துகளில் இதனால் எனக்குக் கெட்ட பெயர்.

ஈசூன் வாசகர்: 'பிராமணிய ஆணாதிக்கம்' என்கிறாரே, இது பெரியார் சொன்னதுதானே? 1929 இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன மனிதரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. புதிதாக என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி, தம்பி. கருத்தில் நெருக்கம் உண்டு. ஆனால் பெரியார் தாக்குகிறார், உமா கழற்றிக் காட்டுகிறார். அவர் இதை விளக்குகிற கட்டுரை 1993இல் வந்தது. நிலமும் சாதித் தூய்மையும் கைமாறாமல் இருக்க வேண்டுமென்றால் யாருக்கு யார் பிள்ளை பெறுகிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். எனவே பெண்ணின் உடல்மீது காவல் வைப்பது சாதி தொடர்வதற்கு அடிப்படைத் தேவையாகிறது. அகமணம், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் செய்வது, பற்றி அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரை இதற்கு முன்னோடி. உடன்கட்டை ஏறும் சதி வழக்கமும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தைத் திருமணமும் அகமணத்தைக் காப்பாற்ற வந்த வழிகள் என்று அதிலேயே சொல்லிவிட்டார்.

உமாவிடம் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பெண்கள் ஏன் இதற்கு உடன்பட்டார்கள்? அடித்து மிரட்டியதால் மட்டும் இல்லை. கட்டுப்பட்டவளுக்குப் பத்தினி என்ற பெருமையும் வீட்டில் மரியாதையும் கிடைத்தன. மீறியவளுக்கு எல்லாம் பறிபோனது. மருமகளை அடக்குகிற மாமியாரைப் பார்த்து "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

தெம்பனிஸ் வாசகி: பண்டித ரமாபாய் நூல் தடிமனாக இருக்கிறது. தேறுமா?

தேறும், பொறுமை வேண்டும். 1998இல் வந்தது. ரமாபாயை எதிர்பார்த்துத் திறந்தால் முதலில் மராட்டிய நாட்டை ஆண்ட பிராமண அமைச்சர்களான பேஷ்வாக்களின் ஆட்சிதான் வரும், அரசே பெண்களின் ஒழுக்கத்தைக் கண்காணித்த கதை. சலிப்பாக இருந்தாலும் தாண்டாதீர்கள். சமஸ்கிருதம் கற்ற பிராமணப் பெண், சாதி மீறிய திருமணம், இரண்டே ஆண்டில் விதவை, 1883இல் இங்கிலாந்து போய் மதமாற்றம். பண்டிதை என்று கொண்டாடிய ஊரே ஏன் அவரை ஒதுக்கியது என்பது அந்தப் பின்னணி இருந்தால்தான் பிடிபடும்.

ஜூரோங் வாசகர்: போராட்டக்காரர் எழுதும் வரலாறு நடுநிலையாக இருக்குமா?

1984இல் டெல்லியில் சீக்கியர்கள் படுகொலை செய்யப்பட்ட பிறகு நந்திதா ஹக்ஸரோடு சேர்ந்து மக்களின் வாய்மொழிகளைப் பதிவு செய்து 1987இல் நூலாக்கினார். நடுநிலைக்காகக் காத்திருந்தால் அந்தக் குரல்கள் பதிவாகியிருக்குமா? சார்பு எல்லாருக்கும் உண்டு. இவர் தன் சார்பை மறைப்பதில்லை, சான்றையும் முன்னால் வைக்கிறார். எனக்கு அது போதும்.

உட்லண்ட்ஸ் வாசகி: என் பாட்டியைப் பற்றி எழுத ஆசை. கடிதம், டைரி எதுவும் இல்லை. உமாவிடமிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

அவருடைய ஆவணப்படம் ஒன்று சுப்புலட்சுமி என்ற பெண்ணைப் பற்றியது. சிறு வயதில் கல்யாணம், ஓயாத வாசிப்பு, யாரும் கண்டுகொள்ளாத நாட்குறிப்பு. தஞ்சைப் பகுதியில் தலித் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணிக் கொடுமையை உலகுக்கு எழுதிய மைதிலி சிவராமனின் பாட்டி இவர். பாட்டி விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து மைதிலி எழுதிய நூலிலிருந்து பிறந்த படம் அது.

உங்களிடம் காகிதம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. 1979இல் தொடங்கிய நம் வாய்மொழி வரலாற்று மையத்தின் பேட்டிகளைக் கேளுங்கள், ஜப்பானியர் காலத்தைப் பற்றி நிறைய இருக்கின்றன. தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் கிடைக்கும். உறவினரைப் பேட்டி எடுத்தால், "பாட்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், "தங்கம்" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுப் பணம் யார் கையில் இருந்தது, சீட்டு யார் பெயரில், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று கேளுங்கள்.

பூன் லே வாசகர்: குறை எதுவும் இல்லையா?

இருக்கிறது. சான்றுகள் பெரும்பாலும் சமஸ்கிருதம், பாலி, மராட்டியப் பக்கம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் பெண்களை இவரிடம் தேடினால் ஏமாற்றம்தான். அதற்கு லெஸ்லி ஆர் (Leslie Orr) என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட நூலுக்குப் போங்கள். சோழர் காலக் கோயில் பெண்களைக் கல்வெட்டுகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார், கோயிலுக்குக் கொடை கொடுத்த பெண்களாகவும் அவர்கள் அதில் வருகிறார்கள்.