குறைகடத்தி நானோ துகள்களால் தண்ணீரைச் சுத்தம் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு பெயின்டில் கலக்கும் வெள்ளைப் பொடிதானே? அது எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும்?

பதில்: அதே பொருள்தான். அது ஒரு குறைகடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவு மட்டுமே கடத்தும் பொருள். பெயின்டுக்குப் போகும் துகளுக்கு மேல்பூச்சு கொடுத்து அதன் வினையை அடக்கி வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த வினைதான். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் துகளுக்குள் ஓர் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் நேர்மின் துளையாகும். துளை மேற்பரப்புக்கு வந்து தண்ணீரோடு வினைபுரிந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் (எதனோடும் உடனே வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டு) பிறக்கிறது. எலக்ட்ரான் கரைந்திருக்கும் ஆக்சிஜனை சூப்பராக்சைடு என்னும் இன்னொரு வினைமிகு வடிவமாக மாற்றுகிறது. அழுக்கைச் சிதைப்பவை இவைதான். ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்களும் துளைகளும் மேற்பரப்பை எட்டும் முன்பே மறுபடி சேர்ந்து வெப்பமாகிப் போகின்றன. துகளை நானோ அளவுக்குக் குறைத்தால் அவை கடக்க வேண்டிய தூரம் குறையும், மேற்பரப்பும் கூடும்.

1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளை மின்முனையாக வைத்து, ஒளியால் தண்ணீரைப் பிளக்கலாம் என்று காட்டினார்கள். இந்தத் துறை வேகம் பிடித்தது அதன் பிறகுதான்.

கேள்வி: வெயிலில் வைத்தாலே போதுமா?

பதில்: வேலை நடக்கும், மெதுவாக. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வகையில் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல்) சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஆற்றலில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். கேட்மியம் சல்ஃபைடு என்ற இன்னொரு குறைகடத்தி (இடைவெளி 2.4 எலக்ட்ரான் வோல்ட்) கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இயங்கும். ஆனால் ஒளி பட்டு அதுவே அரிபட்டு நச்சுக் கேட்மியத்தைக் கசியவிடும். குடிநீர்ப் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாக்டீரியா எப்படிச் சாகிறது? மறுபடி வளருமா?

பதில்: ராடிக்கல்கள் முதலில் செல்லின் வெளிச்சவ்வைத் தாக்குகின்றன. சவ்வின் கொழுப்பு சிதைந்து உள்ளிருப்பது கசிகிறது, அப்புறம் டிஎன்ஏ வரை சேதம். ஒரே ஓர் இலக்கை மட்டும் தாக்காததால் இதற்கு எதிர்ப்பு உருவாவது கடினம். இதே வேலையைச் செய்யும் துத்தநாக ஆக்சைடைப் பயன்படுத்தினால், அது கரைந்து வெளிவிடும் துத்தநாக அயனிகளும் சேர்ந்து கொல்லும். ஸ்போர்களும் (பாக்டீரியாவின் கடினமான உறக்க வடிவம்) சிஸ்ட்களும் (நீரிலுள்ள ஒட்டுண்ணிகளின் ஓடு மூடிய வடிவம்) லேசில் சாகாது. ஒளி நின்றதும் பாதுகாப்பும் போய்விடும்; அரைகுறையாக அடிபட்ட செல்கள் தேறி வளரலாம். குளோரினைப் போலத் தண்ணீரில் தங்கி நின்று காக்கும் குணம் இதற்கு இல்லை.

கேள்வி: மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த நீர் முழுக்கத் தெளிந்துவிட்டது. சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நிறம் தரும் பகுதி உடைந்தாலே நிறம் போய்விடும், மிச்சத் துண்டுகள் நீரிலேயே இருக்கும். சில நேரம் அவை மூலப்பொருளைவிட மோசமானவை. மொத்தக் கரிமக் கார்பனை (நீரிலுள்ள கரிமப் பொருட்களில் இருக்கும் கார்பனின் மொத்த அளவை) அளந்து பாருங்கள், அது இறங்கினால்தான் நம்பலாம்.

கேள்வி: ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களையும் இது அழிக்குமா?

பதில்: தனிமங்களை எந்த வினையூக்கியாலும் அழிக்க முடியாது, வடிவத்தை மாற்றலாம். ஆர்செனிக்(III) வடிவம் ஆக்சிஜனேற்றமடைந்து ஆர்செனிக்(V) வடிவமாக மாறினால் அதை உறிஞ்சி எடுப்பது எளிது.

கேள்வி: கடைசியில் பொடியை எப்படி வெளியே எடுப்பது?

பதில்: சரியான கேள்வி. ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்யும் பல பொருட்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. சில பத்து நானோமீட்டர் துகள் சாதாரண வடிதாளில் நிற்காது. கண்ணாடியிலோ பீங்கானிலோ பூச்சாகப் பதிக்கலாம். அழுக்கு தானாகப் பூச்சைத் தேடி வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். வேகம் குறைந்தாலும் குடிநீருக்கு நான் பூச்சையே தேர்ந்தெடுப்பேன். கலங்கல் நீரை முன்கூட்டியே வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒளி பூச்சு வரை போய்ச் சேராது.